மலிவான எண்ணெயும் மலிவாக்கப்பட்ட மனிதரும்

ஒரு பண்டம் சந்தையில் மலிவாகக் கிடைப்பதற்கு இரு காரணங்கள் உண்டு. மண்ணின் வளமும் மனித அறிவின் வளர்ச்சியும் கூடிக் குறைந்த உழைப்பில் நிறைந்த விளைவைத் தருமாயின், அப்பண்டம் மலிகின்றது. இது மனித குலத்தின் வெற்றி. இதனை வரவேற்காதவர் எவருமிலர். மற்றைய மலிவு அத்தகையதன்று. வாங்குபவன் கொடுக்காது விட்ட விலையின் ஒரு பகுதியை வேறொருவர், வேறோரிடத்தில், வேறொரு வடிவிற் கொடுத்துவிடுவதால் வரும் மலிவு அது. ஒருவர் தம் காட்டை இழந்து கொடுக்கின்றார். ஒருவர் தம் கிணற்று நீரை இழந்து கொடுக்கின்றார். ஒருவர் தம் வாழ்நாளையே குறைந்த கூலிக்கு விற்றுக் கொடுக்கின்றார். முதலாவது மலிவு அறிவின் கொடை. இரண்டாவது, அநீதியின் மறுபெயர்.

இவ்விரு மலிவும் ஒரே போத்தலில் கலந்து நம் கைக்கு வந்தால் நாம் செய்யத்தக்கது யாது? இக்கட்டுரை ஆராய முற்படும் அறப்பிரச்சினை இதுவேயாகும்.

பாம் எண்ணெய் என்று நாம் வழங்கும் செம்பனை எண்ணெய் அத்தகைய கலப்புப் பண்டங்களுள் முதன்மையானது. கண்டி மத்திய சந்தையைச் சூழ்ந்த தெருக்களில் வடையும் ரோல்ஸும் பொரிபடும் தாச்சிகள் பலவற்றிற் கொதிப்பது இந்த எண்ணெய், அல்லது இது கலந்த எண்ணெய். மாணவர் இடைவேளையில் உண்ணும் பிஸ்கற்றிலும், பாணில் தடவும் மாஜரீனிலும், ஆற்றங்கரையில் நுரைக்கும் சவர்க்காரத்திலும் இதன் பங்கு உண்டு. கலஹாவிலும் தெல்தோட்டையிலும் புசல்லாவையிலும் வாழும் தோட்டத்துத் தாய் கால் போத்தல் எண்ணெய் வாங்கும்போது, தேங்காயெண்ணெயின் விலையைக் கேட்டுப் பெருமூச்செறிந்து இதனையே வாங்குகின்றாள். அவளுக்கு இது உணவு. ஆனால் இதே எண்ணெய் சுமாத்திராவிலும் போர்ணியோவிலும் எரிந்த காடுகளின் சாம்பலையும் நினைவூட்டுகின்றது. இவ்விரண்டையும் ஒருங்கே மனத்திற் கொள்ளாது இதைப்பற்றிப் பேசுவது அறமாகாது.

இலங்கையில் இந்தப் பிரச்சினை ஒருமுறை வர்த்தமானி மூலம் தீர்க்கப்பட்டதாக எண்ணப்பட்டது. 2021ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், இறக்குமதி செய்யப்பட்ட தேங்காயெண்ணெயில் அஃபிளாரொக்சின் என்னும் பூஞ்சண நஞ்சு கலந்திருந்தமை வெளிவந்து, சித்திரைப் புத்தாண்டை எதிர்நோக்கியிருந்த மக்களிடையே பெரும் அச்சம் பரவியது. அந்தப் பரபரப்பு அடங்குமுன், ஏப்ரல் 5ஆந் திகதி, அப்போதைய சனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ பாம் எண்ணெய் இறக்குமதிக்கும் புதிய முள்ளுத்தேங்காய்ச் செய்கைக்கும் தடை விதித்தார். ஏற்கெனவே நடப்பட்டிருந்த மரங்களை ஆண்டுக்குப் பத்து வீதமாகப் பிடுங்கி, அவ்விடத்தில் றப்பரோ சூழலுக்கு உகந்த வேறு பயிரோ நடவேண்டும் என்றும் பணிக்கப்பட்டது. அப்பொழுது இந்நாட்டில் ஏறத்தாழ 11,000 ஹெக்டேயர் நிலத்தில் இம்மரம் நின்றது. 20,000 ஹெக்டேயர் வரை இதனை விரிவாக்கலாம் என்று அதற்குச் சில ஆண்டுகளின் முன் இலக்கு வகுத்திருந்ததும் அரசாங்கமே. நடச் சொன்ன கையும் பிடுங்கச் சொன்ன கையும் ஒன்றே.

தடையை ஆதரித்தோரிடம் நியாயம் இல்லாமலில்லை. காலி, களுத்துறை மாவட்டங்களிற் பெருந்தோட்டங்களை அடுத்து வாழ்ந்த கிராமத்தவர், இம்மரம் வந்தபின் தம் கிணறுகளும் ஓடைகளும் வற்றின என்று பல ஆண்டுகளாக முறையிட்டு வந்தனர். தெருவிலிறங்கிப் போராடவும் செய்தனர். மத்திய சுற்றாடல் அதிகார சபை நியமித்த குழுவும் 2018இல் இச்செய்கையை மேலும் விரிவாக்கலாகாது என்று கருத்துரைத்தது. எதிர்த்தோரிடமும் நியாயம் இல்லாமலில்லை. 1968இல் காலி மாவட்டத்து நாகியாதெனியத் தோட்டத்தில் முதன்முதல் நடப்பட்டுத் தழைத்த பயிர் இது. றப்பர் நட்டத்தில் ஓடிய ஆண்டுகளில் தோட்டங்களைத் தாங்கியது இதுவே. இதன் வருவாய் இல்லாதுவிடின் தொழிலாளருக்குக் கூலி கொடுப்பதே அரிதாகும் என்று கம்பனிகள் வாதிட்டன.

சூழலியலாளர் பேசினர், கம்பனியார் பேசினர், கிராமத்தவர் பேசினர், அமைச்சர் பேசினர். அம்மரத்தின் கீழ் நின்று குலை வெட்டிச் சுமந்த தொழிலாளியின் குரல் மட்டும் எங்கும் ஓங்கி ஒலிக்கவில்லை. அவருடைய கூலி வாதத்துக்குப் பயன்பட்டது. அவருடைய கருத்து எதற்கும் பயன்படவில்லை. தொழிலாளியின் நாட்கூலியை 1,000 ரூபாயாக்கும் வர்த்தமானி, நெடுங்காலப் போராட்டத்தின்பின், அதே ஆண்டு மார்ச் மாதத்திலேதான் வெளிவந்தது என்பதையும், அதனை எதிர்த்துக் கம்பனிகள் நீதிமன்றம் ஏகின என்பதையும் இங்கு நினைவுகூர்தல் தகும். கூலியின் பெயரால் மரத்தைக் காக்க முன்வந்தவர்கள், கூலியைக் காக்க முன்வரவில்லை.

மரத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். எண்ணெய்ப்பனை மேற்கு ஆபிரிக்காவின் மரம். அங்கு அது பெருந்தோட்டப் பயிராகப் பிறக்கவில்லை. கிராமத்தைச் சூழ்ந்த புதர்க்காட்டிலும் வயலோரத்திலும் நின்ற அதன் பழத்தை ஆடவர் ஏறி வெட்டினர். பெண்டிர் அவித்து இடித்து எண்ணெய் எடுத்தனர். உண்டு மிஞ்சியதைச் சந்தையில் விற்றனர். நூற்றாண்டுகளாக இவ்வாறே அது மக்களின் உணவாகவும் பெண்களின் கைப்பொருளாகவும் இருந்து வந்தது. ஐரோப்பாவில் ஆலைகள் பெருகி, இயந்திரத்துக்கு மசகும் தொழிலாளிக்குச் சவர்க்காரமும் தேவைப்பட்டபோது அம்மரத்தின் தலைவிதி மாறியது. 1911இல் பெல்ஜியம், பிரித்தானியச் சவர்க்கார முதலாளியான வில்லியம் லீவருக்குக் கொங்கோவிற் பெரும் நிலப்பரப்புகளை உரிமையாக்கிக் கொடுத்தது. அவர் பெயராலே லீவர்வில் என்னும் ஊரே எழுந்தது. அங்குள்ள மக்கள் தம் மூதாதையரின் மரத்தின் பழத்தைக் கம்பனிக்கே கொடுக்க வேண்டியவராயினர். மறுத்தோரைக் கட்டாய உழைப்புக்கு இழுத்து வந்தனர். மேலை நாட்டு வீடுகளுக்குத் தூய்மையைக் கொண்டுசென்ற சவர்க்காரம் அவ்வாறு உருவாயிற்று.

ஆசியாவில் நடந்த கதை நமக்கு இன்னும் அண்மையானது. 1848இல் ஜாவாத் தீவின் போகோர் தாவரவியற் பூங்காவில் இம்மரத்தின் நான்கு கன்றுகள் நடப்பட்டன. தென்கிழக்காசியாவின் செம்பனைப் பெருந்தோட்டங்களின் மூலம் அந்நான்கே. 1911 அளவிற் சுமாத்திராவிலும், 1917இல் மலாயாவின் சிலாங்கூரிலும் வாணிபத் தோட்டங்கள் தோன்றின. கண்டியில் வாழும் நமக்கு இவ்வரலாறு புதியதன்று. 1821இல் தொடங்கிய பேராதனைப் பூங்காவில் உலாவுவோர் அதன் மரங்களின் அழகை மட்டுமே காண்கின்றனர். ஆயினும் அக்காலத்துப் பூங்காக்கள் ஏகாதிபத்தியத்தின் பரிசோதனைச் சாலைகளுமாகும். தென்னமெரிக்காவின் சிங்கோனா 1861இல் ஹக்கலைக்கு வந்ததும், பிரேசிலின் றப்பர்க் கன்று 1876இல் கியூ பூங்கா வழியாக ஹெனரத்கொடைக்கு வந்ததும் அவ்வழியே. ஒரு கண்டத்தின் செடியை இன்னொரு கண்டத்தின் மண்ணில், மூன்றாவது நாட்டு மக்களின் உழைப்பைக்கொண்டு வளர்த்து, நான்காவது நாட்டுக்கு இலாபம் அனுப்புதல் என்பதே பெருந்தோட்டத்தின் இலக்கணமாயிற்று.

அம்மூன்றாவது நாட்டு மக்கள் பெரும்பாலும் நம்மவரே. தஞ்சை, திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளில் வரட்சியும் கடனும் சாதிக்கொடுமையும் துரத்த, ஒரு பகுதியினர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழி நடந்து மாத்தளைக்கும் கண்டிக்கும் வந்தனர். இன்னொரு பகுதியினர் கப்பலேறி மலாயா சென்றனர். இங்கு வந்தவர் கோப்பித் தோட்டத்தில் உழைத்தனர். 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழிந்தது. நோய் வந்தது செடிக்கு, பட்டினி வந்தது தொழிலாளிக்கு. ஹேவாஹெட்டப் பகுதியில் லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் நட்ட தேயிலை மலைநாடெங்கும் பரவியது. பயிர் மாறியது, லயம் மாறவில்லை. மலாயா சென்றவர் றப்பர்ப் பால் வெட்டினர். 1960களின்பின் றப்பரின் விலை சரிய, மலேசியத் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. பால்வெட்டுக்கு வேண்டிய கைகளிலும் குறைந்த கைகளே செம்பனைக்குப் போதும். எஞ்சிய தமிழ்க் குடும்பங்கள் பல, தோட்டங்கள் வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் துண்டாடப்பட்டபோது, மூன்று தலைமுறை வாழ்ந்த வீட்டுக்கு உரிமையற்றவராய் நகரத்துப் புறம்போக்கிற் குடியேறினர். அவர் விட்ட இடத்தை இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேபாளத்தவரும் நிரப்புகின்றனர். 2020ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கா, கட்டாய உழைப்பின் அடையாளங்கள் உள்ளன என்று கூறி மலேசியாவின் இரு பெருங் கம்பனிகளின் செம்பனை எண்ணெயைத் தன் துறைமுகங்களில் தடுத்தது. நூறாண்டு கழிந்தபின்னும் கொங்கோவின் நிழல் முற்றாக அகலவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இவ்வரலாற்றைக் கேட்ட உயர்தர வகுப்பு மாணவர் உடனே சொல்லும் முடிவு ஒன்றுண்டு: "அந்த மரமே தீயது, பிடுங்கி எறிந்தது சரிதான்." இளமையின் சினம் மதிக்கத்தக்கது. எனினும் அம்முடிவு சரியானதன்று. மேற்கு ஆபிரிக்கப் பெண்ணின் கையில் அதே மரம் வாழ்வளித்தது. லீவரின் கையில் அதே மரம் விலங்காயிற்று. ஆகவே குற்றம் மரத்தினுடையதன்று என்பது தெளிவு. மேலும், ஒரு ஹெக்டேயர் சோயா அரைத் தொன் அளவு எண்ணெய் தரும் இடத்தில், செம்பனை மூன்று தொன்னுக்கு மேல் தருகின்றது. உலகின் எண்ணெய்ப் பயிர் நிலத்திற் பத்திலொரு பங்குக்கும் குறைவானதில் நின்றுகொண்டு, உலகத் தாவர எண்ணெயில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டதை அது வழங்குகின்றது. இதே அளவு எண்ணெயைப் பிற பயிர்களிலிருந்து பெற ஒன்பது மடங்கு வரை நிலம் வேண்டப்படலாம் என்று இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 2018இல் மதிப்பிட்டது. மரத்தை உலகெங்கும் பிடுங்கினால் சுமாத்திராவின் காடு தப்பலாம். அமேசனின் காடு அதற்கு ஈடாக அழியலாம். முன்னர்க் கூறிய முதலாவது மலிவு, அதாவது மண்ணும் அறிவும் தந்த மலிவு, இதில் உண்மையாகவே உண்டு.

அவ்வாறாயின் மரத்துக்கு முற்றிலும் விடுதலை வழங்கி, எல்லாப் பழியையும் உடைமையாளன் மீது சுமத்திவிடலாமா? நம் அணியைச் சார்ந்த நண்பர் சிலர் அவ்வாறே செய்வர். "உற்பத்திச் சாதனங்கள் மக்களுடைமையானால் பிரச்சினை தீரும்" என்பது அவர் வாதம். இதில் அரை உண்மை உண்டு. அரை உண்மையே உண்டு. செம்பனைக் குலையை வெட்டிய ஓரிரு நாட்களுக்குள் ஆலையிற் சேர்க்காவிடின் எண்ணெய் கெட்டுவிடும். ஆகவே ஆலையைச் சூழ்ந்து அகன்ற நிலப்பரப்பு முழுவதும் ஒரே பயிராக நிற்பதையே பேரளவு உற்பத்தி நாடுகின்றது. ஒற்றைப் பயிரின் பேரரசு கம்பனியின் கொடியின் கீழ் நடந்தாலும் அரசின் கொடியின் கீழ் நடந்தாலும், இழந்த காடு இழந்ததே. சதுப்பு நிலத்தை வடித்து எரித்தமையாற் பெருகிய புகை 1997இலும் 2015இலும் இந்தோனேசியாவிலிருந்து எழுந்து அயல்நாடுகளையும் மூடியது. அப்புகை உடைமைப் பத்திரத்தைப் பார்த்து எழவில்லை. இயற்கைக்குத் தனியான ஒரு நியாயம் உண்டு. வர்க்க நியாயத்தை நிலைநாட்டுவதனால் மட்டும் அது தானே நிலைபெற்றுவிடாது.

அரசுடைமை பற்றிய பாடத்தை நாம் புத்தகத்திற் படிக்க வேண்டியதுமில்லை. கண்டி மலைகளே அதனைக் கற்பித்தன. 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தச் சட்டங்களினால் தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளைத் துரை போனான். வரவேற்கத்தக்க செயலே. ஆயினும் அச்சீர்திருத்தம் நிலத்தை உழைத்துப் பொன்னாக்கியவரை அந்நிலத்தின் மக்களாக எண்ணவில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் ஏற்கெனவே அவரை நாடற்றவராக்கியிருந்தது. 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பண்டம்போற் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரைப் பின்னொருநாட் பங்கிடலாம் என ஒதுக்கி வைத்தது. 1970களின் நடுப்பகுதியிலே தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. கண்டிப் பகுதித் தோட்டங்கள் சிலவற்றிலிருந்து குடும்பங்கள் விரட்டப்பட்டன. நிலப் பறிப்பை எதிர்த்து எழுந்த போராட்டத்தில் 1977 மே மாதம் டெவன் தோட்டத்திற் சிவனு லட்சுமணன் பொலிசாரின் குண்டுக்கு இரையானார். 1992இல் தோட்ட நிருவாகம் மீண்டும் கம்பனிகளுக்குக் கைமாறியது. வெள்ளையர், அரசு, கம்பனி என மும்முறை கைமாறிய நிலத்தில், ஒருமுறையேனும் உழைப்பவர் கை சேர்க்கப்படவில்லை. உடைமை யாருடையது என்ற கேள்வி இன்றியமையாதது. ஆனால் முடிவெடுக்கும் உரிமை யாருடையது என்ற கேள்வியின்றி அது முழுமை பெறாது.

இனி, நுகர்வோனின் அறம் என்று ஒன்று பேசப்படுகின்றது. "அநீதியில் விளைந்த பண்டத்தை வாங்காதே, வாங்கினால் நீயும் பங்காளி" என்பது அதன் சாரம். அடிமைகள் உழைப்பில் விளைந்த சீனியை இங்கிலாந்தின் பல இல்லங்கள் 1790களில் விலக்கின; அந்த விலக்கு அடிமை வாணிப எதிர்ப்புக்கு வலுச் சேர்த்தது. ஆதலின் இவ்வறத்தை நாம் எள்ளி நகையாடத் தேவையில்லை. ஆனால் அதன் எல்லையையும் காணவேண்டும். சம்பளம் பெறும் ஆசிரியன் தன் வீட்டில் தேங்காயெண்ணெய் மட்டுமே பாவிப்பேன் என்று விரதம் பூணலாம். கொழுந்து பறிக்கும் தாயால் அது இயலாது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு தேங்காயே இருநூறு ரூபாயளவில் விற்றபோது, சம்பலுக்கே தேங்காய் இல்லாத வீட்டில் எண்ணெய்க்குத் தேங்காய் எங்கே? ஆண்டொன்றுக்கு இந்நாட்டில் விளையும் இருநூற்றைம்பது கோடி முதல் முந்நூறு கோடி வரையிலான தேங்காய்களிற் பெரும்பங்கு நேரே வீட்டுச் சமையலுக்கே சென்றுவிடுகின்றது. எண்ணெய் ஆலைக்கு எஞ்சுவது நாட்டின் தேவைக்குப் போதவில்லை. வாங்கும் வசதி உள்ளவருக்கு மட்டுமே கைகூடும் அறம் ஒருவகைச் சொத்தே. ஏழையைப் பாவியாக்கித் தன்னைத் தூயவனாக்கிக்கொள்ளும் அறத்தை முற்போக்காளர் ஏற்றல் ஆகாது.

அன்றியும், நான்கு பொருளைக் கடையில் விலக்கிவிட்டு மனநிறைவோடு வீடு திரும்பும் வழக்கம், அநீதியை எதிர்க்கும் ஆற்றலைச் சிறு சிறு திருப்திகளாய்ச் செலவழித்து விடுகின்றது. 2004இல் தோன்றிய நிலைபேறான செம்பனை எண்ணெய்க்கான வட்டமேசை அமைப்பு இன்று உலக உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்குக்குச் சான்றிதழ் வழங்குகின்றது. அதனாற் சில நன்மைகள் விளைந்தன என்பதை மறுத்தல் நேர்மையன்று. ஆயினும் முத்திரையுள்ள எண்ணெய் செல்வந்த நாடுகளின் கடைகளுக்கும், முத்திரையற்ற எண்ணெய் ஏழை நாடுகளின் தாச்சிகளுக்கும் செல்லுமாயின், மனச்சாட்சியும் தரம் பிரித்து விற்கப்படும் பண்டமாகிவிடும் அல்லவா?

மறுபுறத்தில், "ஏழைக்கு மலிவான எண்ணெய் வேண்டும், ஆகவே எதையும் கேளாதே" என்போர் உளர். இவர் கூற்று இரக்கத்தின் மொழியிற் பேசப்படுவதால் மிக எளிதில் நம்மை ஏமாற்றும். ஏழைக்கு மலிவான எண்ணெய் ஏன் வேண்டியிருக்கின்றது? அவர் கூலியும் மலிவாயிருப்பதனால். இங்குள்ள தொழிலாளிக்குக் குறைந்த கூலி கொடுக்க முடிவதற்கு, அங்குள்ள தொழிலாளியின் குறைந்த கூலியில் விளைந்த எண்ணெய் துணைநிற்கின்றது. அங்குள்ளவர் அருந்தும் தேநீர் மலிவாயிருப்பதற்கு இங்குள்ள கொழுந்துக்காரியின் கூலி துணைநிற்கின்றது. ஒருவரின் மலிவு மற்றவரின் மலிவைத் தாங்குகின்றது. உலகச் சந்தை என்பது இவ்வாறு ஏழையை ஏழையின் தோளில் ஏற்றி நிறுத்தி, உச்சியில் இலாபத்தை வைத்திருக்கும் அமைப்பு.

அந்த அமைப்பு, உற்பத்தி செய்யும் நாட்டின் மக்களையேனும் காக்கின்றதா எனின், அதுவும் இல்லை. இந்தோனேசியாவும் மலேசியாவும் சேர்ந்து உலகச் செம்பனை எண்ணெயில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்ட பங்கை உற்பத்தி செய்கின்றன. 2022இல் உக்ரேன் போரினாற் சூரியகாந்தி எண்ணெய் தடைப்பட்டு உலக விலை ஏறியபோது, உலகிலேயே மிகுதியாகச் செம்பனை எண்ணெய் விளைவிக்கும் இந்தோனேசியாவின் பெண்கள் ஒரு போத்தல் சமையல் எண்ணெய்க்காக நீண்ட வரிசையில் நின்றனர். ஏப்ரல் 28ஆந் திகதி அந்நாட்டரசு ஏற்றுமதியைத் தடை செய்தது. தடையினால் ஆலைகள் பழம் கொள்வனவை நிறுத்த, சிறு தோட்டக்காரரின் பழத்தின் விலை வீழ்ந்தது. மே 23ஆந் திகதி தடை நீக்கப்பட்டது. உண்பவனைக் காக்க எடுத்த முடிவு விளைப்பவனை வீழ்த்தியது. அதற்கு ஓராண்டின் முன் இலங்கையிலும் இதுவே நிகழ்ந்தது: 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்த அரசு, விளைச்சல் வீழ்ந்து விவசாயிகள் வீதிக்கு வந்தபின் நவம்பரில் அதனை விலக்கிக்கொண்டது. மண்ணைக் காத்தல் நல்ல நோக்கமே. ஆயினும் மண்ணில் நிற்பவரைக் கேளாமல் மேலிருந்து இறங்கும் நன்மையும் அவருக்குத் தீமையாகவே வந்து சேர்கின்றது என்பதற்கு இவை போதிய சான்றுகள்.

இவற்றிலிருந்து நாம் அடையும் முடிவு யாது? அறம் என்பதை ஒரு பண்டத்தின் மீது ஒட்டும் முத்திரையாகவோ, ஒரு மரத்தின் மீது விதிக்கும் தண்டனையாகவோ கருதுதல் தவறு. அறம் மனிதருக்கிடையிலான உறவில் உறைகின்றது. மனிதருக்கும் அவரைத் தாங்கும் நிலத்துக்கும் நீருக்கும் இடையிலான உறவிலும் உறைகின்றது. ஒரு போத்தல் எண்ணெய் நியாயமானதா என்று அறிய விரும்புவோர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். இதற்காக அழிந்த காடு உண்டா, வற்றிய கிணறு உண்டா? இதனை விளைவித்தவர் தம் வீட்டுக்கும் கூலிக்கும் குரலுக்கும் உரிமையுடைய குடிமகனாக வாழ்கின்றாரா? இப்பயிரை நடுவதா, நிறுத்துவதா என்று முடிவு செய்த அவையில், அத்தொழிலாளியும் அயற்கிராமத்தவரும் இடம்பெற்றனரா? முதலிரண்டு வினாக்களும் மூன்றாவதையே சார்ந்து நிற்கின்றன. களுத்துறைக் கிராமத்தவரின் கிணற்றைப்பற்றி அவரைக் கேட்டிருந்தால் மரம் நடப்படுமுன்னரே கேட்டிருப்பர். தோட்டத் தொழிலாளியைக் கேட்டிருந்தால், மரம் பிடுங்கப்படுமுன் மாற்றுத் தொழிலுக்கும் வருவாய்க்கும் வழி வகுத்திருப்பர். கிராமத்தவரும் தொழிலாளியும் ஒரே மேசையில் அமர்ந்திருந்தால், சிங்களக் கிராமத்தின் நீரும் தமிழ்த் தொழிலாளியின் சோறும் ஒன்றுக்கொன்று பகை என்ற பொய்யும் நிலைத்திருக்காது. அப்பொய்யே இருவரையும் பிரித்து ஆண்டவர்க்கு நூறாண்டுகளுக்கு மேலாக வாய்த்த மிகப் பெரிய மூலதனம்.

தொழிலாளிக்கு இவற்றை முடிவு செய்யும் அறிவு உண்டா என்று வினவுவோர் இன்னும் உளர். எந்த மலைச்சரிவில் எந்த மாதம் நீர் ஊறும், எந்த மண் எந்தச் செடியைத் தாங்கும் என்பதை இந்த மலைநாட்டில் அவரைப்போல் அறிந்தவர் யார்? அவருக்கு இல்லாதிருப்பது அறிவன்று; தம் அறிவைச் சட்டமாக்கும் உரிமை. 2023இல், முன்னோர் இங்கு வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்களும் அவர்தம் தோழரும் நடந்து சென்றனர். அந்நடை பழம் துயரத்தை நினைந்து அழுவதற்காக மட்டும் நடந்ததன்று. நிலத்துக்கும் வீட்டுக்கும் சமமான குடியுரிமைக்குமான கோரிக்கை அதில் ஒலித்தது. பாம் எண்ணெய் பற்றிய விவாதமும் அக்கோரிக்கையும் வெவ்வேறானவை என்று எண்ணுவோர், இரண்டையும் விளங்கிக்கொள்ளாதவரே.

ஆசிரியராகிய நமக்கும் மாணவராகிய உங்களுக்கும் இதில் ஒரு பணி உண்டு. புவியியல் வகுப்பிற் பெருந்தோட்டப் பயிர்களின் பெயரையும் ஏற்றுமதி அளவையும் மனனம் செய்விக்கின்றோம். தேயிலை, றப்பர், தென்னை, முள்ளுத்தேங்காய் என்று பட்டியல் நீள்கின்றது. அப்பட்டியலில் ஒரு நிரை குறைகின்றது: அதை விளைவித்தவர் எங்கே வாழ்கின்றார், அவர் வீடு யாருடையது, அவர் பிள்ளை எந்த வகுப்போடு பள்ளியை விட்டு நீங்கியது என்ற நிரை. அந்நிரையைச் சேர்த்துப் படிப்பிக்கப் பாடத்திட்டம் இடந்தராவிடினும் மனச்சாட்சி இடந்தரும். வகுப்பறைக்கு வெளியே, தோட்டங்களின் தொழிற்சங்கமும் அயற்கிராமத்து விவசாயிகள் சங்கமும் ஒன்றுகூடும் இடத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவரின் துணை தேவைப்படுகின்றது. மண், நீர் பற்றிய அறிக்கைகளை அவர்தம் இரு மொழிகளிலும் எளிமையாக்கிக் கொடுப்பதும், வர்த்தமானியின் சொற்களைப் பிரித்து விளக்குவதும் சிறிய பணிகளாகத் தோன்றலாம். முடிவெடுக்கும் உரிமையைக் கோருவோர் கையில் அவை கருவிகளாகும்.

எண்ணெய் மலிவாகவே கிடைக்கட்டும். மண்ணும் அறிவும் உழைப்பைக் குறைத்து விளைவைப் பெருக்கும் மலிவு எல்லார் அடுப்புக்கும் வந்து சேரட்டும். அம்மலிவோடு மனிதரும் மலிந்து போகும் வழக்கத்தையே நாம் எதிர்க்கின்றோம். நாளை வேறொரு பயிர் வரும்; அதற்கும் ஒரு வர்த்தமானி வரும். அன்று அதனைப் புகழுமுன்னும் இகழுமுன்னும், அதன் நிழலில் நின்று உழைக்கப்போகின்றவரை யார் கேட்டார் என்ற வினாவை முதலில் எழுப்பப் பழகிக்கொள்வோமாக.